அக்கரை வரைக்கும் கேட்ட குழாய்

நோர்வூட் ஜமால்தீன் நானா கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் தப்பு மேளம் அடித்தால் சிவனொளிபாத மலை உச்சியில் தொங்கும் மணி தானாக ஆடும். அட்டன் சந்தையில் தராசுத் தட்டு நடுங்கி, வெங்காயம் வாங்க வந்தவர்களும் விற்க வந்தவர்களும் சண்டை போடுவார்கள்.

இதில் பாதிக்கு மேல் நான் சேர்த்தது. மணியும் தராசும் என் கைச்சரக்கு. ஆனால் ஒன்றை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அறுபத்தோராம் ஆண்டு ஆடி மழையில், கூனிமலைத் தோட்டத்து அம்மன் கோயிலிலிருந்து, பெருக்கெடுத்து ஓடிய ஆற்றைத் தாண்டி, அக்கரைப் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டது. கேட்டிராவிட்டால் மேல் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த சனம் அன்றோடு மண்ணுக்குள். அந்தச் சனத்தில் ஒருத்தி பூரணி. இதை எழுதும்போது எதிரே உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். தராசுக்குச் சிரித்தாள். மற்றபடி இதுவரை வாயைத் திறக்கவில்லை.

ஜமால்தீன் நானாவின் வாப்பா லயம் லயமாக ஏறி இறங்கிச் சீத்தைத் துணி விற்றவர். தலையில் மூட்டை, கையில் முழக்கோல். மகனும் அந்த மூட்டையைத்தான் தூக்குவான் என்று நினைத்திருந்தார். மகனோ அட்டனில் ஒரு படக்கொட்டகைக்குத் தண்ணீர் சுமக்கப் போய், படம் ஓட்டுகிறவரின் பின்னால் நின்று நின்று, திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரைப் பார்க்கப் பழகிவிட்டார். யுத்தம் முடிந்து, பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்கள் கைமாறித் திரிந்த காலத்தில் ஒரு பித்தளைக் குழாயும் அதன் யூனிட்டும் அவரிடம் வந்து சேர்ந்தன. நோர்வூட்டில் பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை போட்டார். கோயில் திருவிழா, கல்யாணம், கந்தூரி என்று எதற்கும் அவருடைய குழாய்தான்.

குழாய் என்று நாங்கள் சொன்னது பூ மாதிரி விரிந்த அந்த வாயை. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. அதன் கழுத்தில் திருகி மாட்டுகிற, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய இரும்பு உருண்டைதான் யூனிட். உள்ளே பெரிய காந்தம். காந்தத்தில் வட்டமாக ஒரு பிளவு. பிளவுக்குள் தொட்டும் தொடாமலும் நிற்கும் கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு. தகடு துடித்தால் குரல் வரும். சுருள் எங்கேயாவது உரசினால் குரல் கெடும். இவ்வளவையும் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். நான் கேட்டது, அந்த உருண்டைக்குள் யாரை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று.

அவருக்கு வலது காது கேட்காது. குழாய் வாய்க்குள் தலையை விட்டு வேலை பார்த்ததால் போனது என்பார். சின்ன வயதில் சீழ் வைத்துப் போனது என்பாள் அவர் மனைவி ரஸீனா. எப்படியோ, காதை நம்பாத மனுஷன். கொய்யாக் குச்சி ஒன்று வைத்திருப்பார். அதன் ஒரு முனையை யூனிட்டின் முதுகில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த இடத்தில் உரசுகிறது என்று பல் சொல்லிவிடும்.

இன்னொரு குணம். "நல்லா கேக்குது நானா" என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும். "என்ன கேட்டுச்சு? சொல்லு பார்ப்போம்" என்பார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழாய் கட்டிய மரத்தில் மறுபடியும் ஏறுவார்.

நான் அப்போது அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர். படித்தவள் என்று தோட்டத்தில் எனக்கு மரியாதை கொடுப்பார்கள். வயது குறைவு என்று அதில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாறைமேல் இருந்தது. இந்தப் பக்கம் தோட்டம். கோயில், கீழ் லயம், அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே மேல் லயம். மேல் லயத்தின் முதுகில் குனிந்து நிற்கிற மலை. கூனிமலை என்று பெயர் வந்ததே அந்த முதுகால்தான்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் கூனிமலையில் ஒரு கட்டு உண்டு. அம்மன் இறங்கும்வரை தோட்டத்துச் சனம் தப்புச் சத்தம் காதில் விழுகிற எல்லைக்குள்தான் இரவு படுக்க வேண்டும். பகலில் எங்கேயும் போகலாம். சாயங்காலப் பூசைத் தப்பு அடிக்கும்போது அது காதில் விழுகிற இடத்தில் இருக்க வேண்டும். மேல் லயத்து வேலாயி ஒரு வருஷம் இதை மீறினாள். வலப்பனையில் தங்கை கல்யாணம். போய்ப் படுத்து எழுந்து வந்தாள். அவளுடைய மகனுக்கு அம்மை போட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் அவனுக்கு வரவே இல்லை. அதன் பிறகு கட்டை மீறுவது பற்றி யாரும் விளையாட்டாகக்கூடப் பேசமாட்டார்கள்.

அடுத்த வருஷம்தான் தோட்டத்துக்குக் குழாய் வந்தது. உடனே ஒரு வழக்கும் வந்தது. மலை உச்சிக் குடிசையில் காவல் இருக்கிறவனுக்கு வெறும் தப்பு கேட்காது, குழாய்வழியே கேட்கும். அது கணக்கில் சேருமா? கோயில் தலைவர் கந்தப்பன் ஒரு வாரம் யோசித்து முடிவு சொன்னார். குழாயில் வருவதும் கோயில் தப்புக்காரன் மாயாண்டி அடிக்கிற தப்புதான், ஆகவே சேரும். ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகப் பிரிந்து விழ வேண்டும். இரைச்சல் கணக்கில் வராது.

நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வந்த கடைசி நாள்களில் அது ஒன்று.

அந்த ஆடியில் மழை விடவே இல்லை. காப்புக் கட்டியபோது தூறல். பிறகு அடைமழை. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள்தான் முதலில் சொன்னார்கள். மேல் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராக்களின் கதவுகள் சாத்த முடியவில்லையாம், நிலையோடு இறுகிக்கொள்கிறதாம். கோழி எதுவும் கூட்டில் அடையவில்லையாம், கீழ் லயத்து வேலியில் போய் உட்காருகிறதாம். ஈரத்தில் மரம் ஊதும் என்று நான் சொன்னேன். கோழிக்கு என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை.

மறுநாள், குடத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலியில் வரத்து நின்றது. மலைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், கோடையிலும் நிற்காதது, கொட்டுகிற மழையில் நின்றது. குடத்தோடு போன பெண்கள் வெறும் குடத்தோடு நின்றார்கள். மத்தியானத்துக்கு முன்னால் மறுபடியும் வந்தது. சிவப்பாக வந்தது. லயத்துக்கு மேலே கொழுந்து எடுக்கப் போனவர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள். நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும் தேயிலை நிரை, நடுவில் ஒரு இடத்தில் ஒடிந்து, கீழ்ப்பாதி ஒரு முழம் இறங்கி நின்றது. இடையில் இருந்த வெடிப்புக்குள் பூரணி ஒரு கல்லைப் போட்டாளாம். விழுந்த சத்தம் வரவில்லை.

பூரணிக்கு அப்போது கைப்பிள்ளை. மேல் லயத்தில் கடைசிக் காம்பரா, மலையோடு ஒட்டியது.

தோட்டத்துத் துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். அவர் வாய்ச்சொல் இல்லாமல் தேயிலை ஸ்டோரைத் திறந்து ஆட்களைப் படுக்கவிட முடியாது என்றார் ஆபீஸ் பெரிய கிளாக்கர். தண்ணீர் ஓடுகிற கான்களைத் துப்புரவாக்கச் சொன்னார். கீழ் லயமும் கோயிலும் அதே சரிவில். மலை வந்தால் முதலில் மேல் லயம், பிறகு மற்றவை. ஆபத்தில்லாத கூரை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதன் சாவி என் இடுப்பில் இருந்தது.

கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுகிறேன், இருட்டுமுன் ஆற்றைக் கடந்துவிடுங்கள் என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். ஆடி மாதத்தில் அந்த ஆற்றைத் தாண்டித் தப்புச் சத்தம் போகாது. அது எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

நான் கந்தப்பனோடு வாதாடினேன். படித்த படிப்பையெல்லாம் கொட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"டீச்சரம்மா, வேலாயி மகனப் பொதைச்ச எடத்துல நானும் கைமண்ணு போட்டேன். இன்னொரு புள்ளைக்குப் போட எனக்குத் தெம்பில்லீங்க."

கூட்டத்தின் ஓரத்தில் வேலாயி நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பேசியது பூரணி. "மலை எறங்கினா எத்தன புள்ளைக்குப் போடுவீங்க?" என்றாள். பிறகு பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு, "கொழாய் கணக்குல சேரும்னு நீங்கதானே சொன்னீங்க. அக்கர வரைக்கும் கேட்டா போகலாந்தானே?" என்றாள்.

தலைவர் அம்மனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கேட்டால் போகலாம். அடி அடியாகக் கேட்க வேண்டும்.

அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது, குழாய் முந்தின நாளிலிருந்து கறகறவென்று கத்துகிறது என்று. மாயாண்டி ஒரு அடி அடித்தால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி வந்தது. அடியும் இல்லை, இடைவெளியும் இல்லை.

அதற்காகத்தான் ஜமால்தீன் நானாவுக்கு ஆள் போயிருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது இடுப்புவரை சேறு. வழியில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதால் மீதித் தூரத்தை நடந்தே வந்திருந்தார். வேறு யூனிட் கொண்டுவரவில்லை. இருந்த இன்னொன்று வாடகைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்தது ஒரு கறகறப்பைச் சரிசெய்ய. ஒரு லயத்துச் சனமே அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தார்.

"வெளிச்சம் எம்மட்டு இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் யூனிட்டைத் தொடவே இல்லை. மைக்கை மாற்றிப் பார்த்தார். வயரை மாற்றிப் பார்த்தார். கறகறப்பு மாறவில்லை. குழாயின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாயாண்டியை அடிக்கச் சொன்னார். விளிம்பு அதிர்ந்தால் பிடித்ததும் நிற்கும். நிற்கவில்லை. அப்புறம்தான் யூனிட்டைக் கழற்றி, குழாய் இல்லாமலே சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டு, கொய்யாக் குச்சியைக் கடித்தார். கண்ணைத் திறந்தபோது முகம் நன்றாக இல்லை.

"உள்ளுக்கு என்னமோ கெடக்கு" என்றார்.

கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற கல் இருக்கிறது. மட்டமான கல். அதன்மேல் துண்டை விரித்து யூனிட்டைப் பிரித்தார். திருகாணிகளைக் கழற்றிக் கல்லின் ஓரத்தில் வைத்தார். அவை உருண்டன. மறுபடியும் எடுத்து வைத்தார். மறுபடியும் உருண்டு, ஆற்றுப் பக்கமாகப் போய் விழுந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் கந்தப்பனைப் பார்த்தேன். வருஷக்கணக்காக அந்தக் கல்லில் எண்ணெய்க் கிண்ணம் வைத்து விளக்கேற்றுகிறார்கள், ஒரு சொட்டு வழிந்ததில்லை. ஜமால்தீன் நானா திருகாணிகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் பேசியது முழுவதும் திருகாணிகளுக்கு இடையில்தான்.

தகட்டைத் தூக்கினார். சுருளின் ஒரு பக்கம் கறுத்துத் தேய்ந்திருந்தது. காந்தப் பிளவுக்குள் இரும்புத் தூள், எலியின் மயிர் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. இவ்வளவு தூள் எப்படி வந்தது என்று அவர் அதட்டியபோது மாயாண்டி தலையைச் சொறிந்தான். திருவிழாவுக்கு முன்னால் குழாயைக் கொண்டுவந்து வைத்திருந்தது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர்கள் கத்தி தீட்டுகிற கொட்டிலில். இரும்பு உருண்டை கத்தியைப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டதும் அவர்களுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. தீட்டி முடித்த கத்தியை ஆளுக்கொன்றாக அதன்மேல் ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆணி அடித்து மாட்டுகிற வேலை மிச்சம். கத்தியோடு வந்த தூள் முழுவதும் உள்ளே.

"ஒங்க கத்திக்கு என் யூனிட்டா கெடச்சுது?" என்றார் நானா. கோபப்பட நேரம் இருக்கவில்லை.

ஊதினால் போகாது, துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும். காந்தம் விடாது. பலாப்பால் இருக்கிறதா என்று கேட்டார். மாயாண்டி கிளி பிடிக்கிறவன். காய்ச்சி உருட்டின பலாப்பால் உருண்டை அவனிடம் எப்போதும் இருக்கும். அதை ஈர்க்கில் மெல்லியதாகப் பூசி, பிளவுக்குள் விட்டு, ஒட்டிக்கொண்டு வந்த தூளைத் துண்டில் துடைத்து, மறுபடியும் விட்டார். பிளவைச் சுற்றி இப்படியே போய்க்கொண்டிருந்தார். சனம் சுற்றி நின்று பார்த்தது. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மழை ஓய்ந்ததால் வேறு சத்தங்கள் கேட்டன. மேலே எங்கேயோ வேர் அறுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு நேரம் வரும், பிறகு நிற்கும்.

இதற்கிடையில் தலைவர் பூரணியை அக்கரைக்கு அனுப்பினார். கட்டுக்கு உட்பட்ட ஆள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும், நான் வெளியாள். சாவியை அவளிடம் கொடுத்தேன். பிள்ளையை வேலாயி வாங்கிக்கொண்டாள். அடி அடியாகக் கேட்டால், பள்ளிக்கூட மேசை விரிப்பை எடுத்துப் பாறைமேல் நின்று ஆட்ட வேண்டும். கேட்காவிட்டால் சும்மா நிற்க வேண்டும். அவள் பாலத்தின்மேல் போவதைப் பார்த்தோம். பாலத்தின் அடிப்பலகையைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

சுருளைத் திரும்ப வைக்கும்போது நாலு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு நாலு கீற்றுக் கெட்டிக் கடதாசி வேண்டும். கீற்றுகளைச் சுருளைச் சுற்றிச் செருகி, திருகாணிகளை இறுக்கி, பிறகு கீற்றுகளை உருவிவிடலாம். என் பையில் ஒரு தபால் கார்டு இருந்தது. என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தலவாக்கலையிலிருந்து எழுதியிருந்தார்கள். பதில் எழுத வேண்டிய விலாசமும் அதில்தான். சந்தோஷமாகக் கொடுத்தேன். நானா அதை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு வெட்டினார்.

பூட்டி, ஓடவிட்டார். மாயாண்டி அடித்தான். பெரிய அடிகள் சுத்தமாக வந்தன. சின்ன அடி விழும்போது மட்டும் ஒரு கீறல். அக்கரையில் பாறைமேல் பூரணி நின்றது தெரிந்தது. சும்மாதான் நின்றாள்.

கூட்டத்தில் ஒரு கிழவி அழ ஆரம்பித்தாள். யாரும் அவளை அடக்கவில்லை. மேலேயிருந்து ஒரு சவுக்கு மரம், காற்றே இல்லாமல், மெதுவாகச் சாய்ந்து தேயிலைமேல் படுத்தது. படுத்ததைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லவில்லை.

ஜமால்தீன் நானா மறுபடியும் பிரித்தார். சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியைத் தாங்கியிருந்த அட்டை வளையம் ஒரு இடத்தில் லேசாக ஊதியிருந்தது. ஈரம். தோட்டம் முழுவதையும் பிடித்த ஈரம் அதையும் பிடித்திருந்தது.

கோயில் ஓரத்தில் மாயாண்டி தப்புக் காய்ச்சுகிற நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் தப்புத் தோல் தொய்ந்துவிடும், ஒவ்வொரு பூசைக்கும் முன்னால் சூடு காட்டித்தான் எடுப்பான். நானா சுருளையும் தகட்டையும் கொண்டுபோய் அந்த நெருப்பின் பக்கத்தில் குந்தினார்.

"ஒன் தப்புக்கு மட்டுந்தான் குளிருமா? இதுக்கும் கொஞ்சம் எடம் குடு" என்றார்.

கிட்டே கொண்டுபோனால் கருகும், தள்ளிப் பிடித்தால் காயாது. உள்ளங்கையைப் பின்னால் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றிக் காட்டினார். மாயாண்டி மறுபக்கத்தில் தப்பைக் காட்டினான். அதைவிட நீளமான நேரத்தை நான் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாக்களில்கூடப் பார்த்ததில்லை.

வளையம் வற்றி வட்டத்துக்கு வந்தது. மறுபடியும் கார்டுக் கீற்றுகள், மறுபடியும் வாயிலிருந்து ஒவ்வொரு திருகாணியாக. கீற்றுகளை உருவினார். குச்சியைக் கடித்துப் பார்த்தார். யூனிட்டைக் குழாயில் திருகிவிட்டு, மாயாண்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்த அடியை என்னால் எழுத முடியாது. ஒவ்வொன்றும் தனியாக விழுந்தது. இரண்டு அடிக்கு நடுவில் இருந்த மௌனம்கூட வட்டமாக இருந்தது. எல்லாரும் அக்கரையைப் பார்த்தோம். பூரணி அசையாமல் நின்றாள். மாயாண்டி இன்னொரு சுற்று அடித்தான். அவள் கூனிமலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. பிறகு வெள்ளைத் துணி ஆடியது.

கந்தப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போங்க" என்றார்.

பாயும் பானையும் பிள்ளைகளுமாகச் சனம் பாலத்தில் இறங்கியது. மேல் லயம் முழுவதும், பின்னால் கீழ் லயமும். வேலாயிதான் பாலத்தின் தலைப்பில் கொஞ்சம் நின்றாள், பூரணியின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பிறகு அவளும் இறங்கினாள். பூசைக்காகத் தலைவர், மாயாண்டி, குழாய்க்காக ஜமால்தீன் நானா, போகமாட்டேன் என்று அடம்பிடித்த நான், நாலு பேர் மட்டும் இக்கரையில். சாயங்காலப் பூசை நடந்தது. தப்பு குழாயில் போயிற்று. தீபம் காட்டும்போது சுடர் ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தே நின்றது. தலைவர் கரகத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நானா குழாயை மரத்திலேயே விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் கழற்றித் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டார். நாலு பேரும் கடந்தோம்.

விடிந்தபோது மேல் லயம் இருந்த இடம் சிவப்பாக இருந்தது. லயம் இல்லை, பீலி இல்லை, மரம் இல்லை. கூனிமலைக்கு முதுகும் இல்லை. மண் கோயில் வாசல்வரை வந்து, தேங்காய் உடைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றிருந்தது. பாறைமேல் நின்று எல்லாரும் பார்த்தார்கள். அழுகைகூட வரவில்லை. கந்தப்பன் சனத்தின் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நேத்துப் பூசைத் தப்பு எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க" என்றார்கள் எல்லாரும்.

அந்த வருஷம் தோட்டத்தில் யாருக்கும் அம்மை போடவில்லை. சில வருஷத்தில் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தம் வந்து, அந்தச் சனத்தில் பாதியை இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கந்தப்பனும் போனார். அது வேறு மண்சரிவு.

ஜமால்தீன் நானா அதன் பிறகும் நெடுங்காலம் நோர்வூட்டில் கடை வைத்திருந்தார். குழாயைத் தோண்டி எடுத்தபோது பித்தளை அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. யூனிட் நன்றாக இருந்தது. அதற்கு வேறு குழாய் மாட்டவில்லை. கடை மேசைமேல் வைத்து அதில் ஸ்குரூடிரைவர்களை ஒட்டவைத்தார். கவ்வாத்துக்காரர்கள் கண்டுபிடித்தது நல்ல உபயோகந்தான் என்பார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வார். கதையின் முடிவு எப்போதும் ஒன்றே. மறுநாள் காலை அவர் பூரணியிடம் போய், "என்ன கேட்டுச்சு? சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாராம். அவள் நாக்காலேயே மாயாண்டியின் அடியை அப்படியே, பெரிய அடி சின்ன அடி பிசகாமல், அடித்துக் காட்டினாளாம். அவர் செய்த வேலைகளில் அதைவிடச் சுத்தமான வேலை இல்லை என்று நம்பிக்கொண்டுதான் கண்ணை மூடி மௌத்தானார்.

இதுவரை வாசித்துக் காட்டினேன். பூரணி கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"எல்லாம் சரிங்க டீச்சர். ஒண்ண மட்டும் மாத்தி எழுதுங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"ஆத்துச் சத்தந்தான் காது நெறைய நின்னுச்சு. மொத தரம் அடிச்சதும் கேக்கல, பொறகு அடிச்சதும் கேக்கல. நீங்க எல்லாரும் கோயில்கிட்ட எறும்பு மாதிரி நின்னீங்க. மலையப் பார்த்தேன், ஒரு மரம் படுத்துக் கெடக்குது. அதுக்குக் கீழதான் எங்க லயம். துணிய எடுத்து ஆட்டிட்டேன்."

பூசை நேரத்தில் அத்தனை பேர் அங்கே இருந்தார்களே, ஒருவருக்குமா தெரியாமல் போயிற்று என்று கேட்டேன்.

"தெரியாமலா? எல்லாரும் காதுல கைய வச்சுக்கிட்டு நின்னாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கல. நான் செத்தேன்னு நெனச்சேன். மொத ஆளா வேலாயி அக்கா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. என் புள்ள அவுங்க இடுப்புல. 'தாயே, அடி அடியா கேக்குதே'ன்னாங்க. அதுக்குப் பொறகு யாருக்குங்க கேக்காம இருக்கும்?"

அப்படியானால் ஜமால்தீன் நானாவிடம் நாக்கால் அடித்துக் காட்டியது?

பூரணி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாயாண்டி அண்ணன் அந்த அடிய நான் பொறந்ததுலேருந்து அடிக்கிறாரு. அதத் திருப்பிச் சொல்ல எனக்குக் கொழாய் எதுக்குங்க டீச்சர்?"